கார்ட்லெஸ் மைக் ரிசீவருக்கு ஆன்டெனா வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண மண்டபம், தேவாலயம், பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம் என்று எந்த மேடையிலும் இப்போது கார்ட்லெஸ் மைக் இல்லாமல் நிகழ்ச்சி இல்லை. மைக் நல்ல மைக், மிக்சரும் நல்லது. ஆனால் பேச்சாளர் முக்கியமான வரியைச் சொல்லும்போது ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம் வந்து குரல் அறுந்துபோகும். பெரும்பாலும் கோளாறு மைக்கில் இருப்பதில்லை. ரிசீவரின் (மைக்கின் சிக்னலை வாங்கும் பெட்டியின்) ஆன்டெனா உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இருக்கும். சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர்களும், கோயில், தேவாலயம், பள்ளிகளில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்பவர்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் 470 முதல் 700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யுஎச்எஃப் மைக்குகளைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு ரிசீவரில் ஏன் இரண்டு ஆன்டெனா இருக்கிறது?

மைக்கிலிருந்து கிளம்பும் அலை ஒரே வழியில் வந்து சேர்வதில்லை. ஒரு பங்கு நேராக வரும். மற்றவை சுவர், தகரக் கூரை, ட்ரஸ் (விளக்கு மாட்டும் உலோகச் சட்டம்) என்று மோதித் திரும்பிக் கொஞ்சம் தாமதமாக வரும். இரண்டும் ஏறுக்கு மாறாகச் சந்திக்கும் புள்ளியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கே சிக்னல் கிட்டத்தட்ட இல்லாமலே போகும். பேச்சாளர் அரை அடி நகர்ந்தால் சரியாகிவிடும். ‘இந்த இடத்தில் நின்றால் மட்டும் கட் ஆகுது’ என்று சொல்வார்களே, அது இதுதான். இரண்டு ஆன்டெனாக்கள் இடைவெளி விட்டு நின்றால், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சிக்னல் அற்றுப்போவது அரிது. எது நன்றாக இருக்கிறதோ அதை ரிசீவர் எடுத்துக்கொள்ளும். இதைத்தான் டைவர்சிட்டி என்கிறார்கள்.

இதில் ஒரு ஏமாற்றமும் உண்டு. விலை குறைந்த இரட்டை மைக் செட்டுகள் பலவற்றில் பெட்டிக்கு இரண்டு ஆன்டெனா இருக்கும், ஆனால் மைக்குக்கு ஒன்றுதான். அது டைவர்சிட்டி இல்லை. ஆன்டெனாவைக் கழற்ற முடிகிற பெட்டியாக இருந்தால் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு இரண்டு மைக்கையும் எடுத்துக்கொண்டு தூரம் போய்ப் பாருங்கள். ஒரு மைக் மட்டும் சீக்கிரம் செத்துப்போனால் விஷயம் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட செட்டை வைத்துக்கொண்டு சமாளிக்க ஒரே வழி, பெட்டியை மேடைக்குப் பக்கத்தில் கொண்டு போவது.

இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 600 மெகாஹெர்ட்ஸ் என்றால் 50 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 12 அல்லது 13 சென்டிமீட்டர், குறைந்தபட்ச இடைவெளி. ஒரு முழு அலைநீளம் இருந்தால் நல்லது. தனி ஸ்டாண்டில் வைப்பதாக இருந்தால் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். அதற்கு மேல் தள்ளினாலும் கெடுதல் இல்லை, இரண்டும் மேடையைப் பார்த்தால் சரி.

கம்பி ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி வைக்கலாமா, சாய்க்க வேண்டுமா?

ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி இரண்டையும் பக்கத்துக்கு 45 டிகிரி சாய்த்து வையுங்கள். கையில் இருக்கும் மைக் ஒரு நேரம் நிமிர்ந்திருக்கும், ஒரு நேரம் படுத்திருக்கும். அதன் அலையும் அதே மாதிரி திரும்பும். ஆன்டெனாவும் அலையும் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றால் சிக்னல் பெருமளவு விழுந்துவிடும். இரண்டு சாய்வில் இரண்டு கம்பி இருந்தால் மைக் எப்படித் திரும்பினாலும் ஏதாவது ஒன்று பிடிக்கும்.

ரிசீவர் எல்லாவற்றையும் இரும்பு ரேக்கில் பூட்டி வைத்திருக்கிறோம். ஆன்டெனா பின்பக்கம் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ரேக்குக்குள்ளே நாலு பக்கமும் இரும்பு, மேலும் கீழும் ஆம்ப்ளிஃபயர். கம்பி இருப்பது பெயருக்குத்தான். முன்பலகைக்கு ஆன்டெனாவைக் கொண்டுவரும் சின்ன கேபிளும் பிஎன்சி (திருகிப் பூட்டும் ஆன்டெனா இணைப்பு) சாக்கெட்டும் தனியாகக் கிடைக்கின்றன. ரேக்கின் முகத்தில் ஓட்டை போட்டு வெளியே கொண்டுவாருங்கள். அதே ரேக்கில் கணினி, எஃபெக்ட் பெட்டி, டிஜிட்டல் மிக்சர் இருந்தால் அவையும் இரைச்சல் கிளப்பும். அவற்றிலிருந்து ஆன்டெனாவை விலக்குவது கூடுதல் லாபம்.

மேடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கலாம்?

இந்தக் கேள்விக்கான பதில்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். தடையே இல்லாத வெளியில்கூட, தூரம் இரட்டிப்பானால் சிக்னல் 6 டெசிபல் குறையும், அதாவது அதன் பலத்தில் கால் பங்குதான் மிஞ்சும். 10 மீட்டரில் இருப்பதை 5 மீட்டருக்குக் கொண்டுவந்தால் அந்த 6 டெசிபல் சும்மா கிடைக்கிறது. கடையில் விலை கொடுத்து வாங்கும் திசை ஆன்டெனா ஒன்று தருகிற லாபமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நம் ஊர் வழக்கத்தில் மிக்சர் மேசை மண்டபத்தின் பின்கோடியில் இருக்கும், ரிசீவரும் அங்கேயே இருக்கும். நடுவில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், அது அலையை விழுங்கும். காலையில் வெறும் மண்டபத்தில் சோதித்தபோது அருமையாக வேலை செய்த மைக், மாலை வரவேற்பில் தடுமாறுவதன் காரணம் இதுதான்.

ஆகவே என் முதல் யோசனை செலவில்லாதது. ரிசீவரையே மேடை ஓரத்துக்குக் கொண்டு போய்விட்டு, அதன் ஒலியை எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மூன்று முள் மைக் கேபிள்) மிக்சருக்கு எடுத்து வாருங்கள். இந்த மாதிரி பேலன்ஸ்டு (வெளி இரைச்சலைத் தானே தள்ளும்) ஒலிக் கேபிளில் 50 மீட்டர் வந்தாலும் ஒலி இழப்பு பொருட்டே இல்லை. ஆன்டெனா கேபிளில் அதே 50 மீட்டர் வந்தால் சிக்னலில் பெரும்பகுதி போய்விடும். இதில் ஒரு கஷ்டம், ரிசீவரின் மீட்டரும் பேட்டரி அளவும் கண்ணுக்குத் தெரியாது. மேடைப் பக்கம் ஒரு பையனை நிறுத்திக்கொள்ளலாம். நெட்வொர்க் இணைப்புள்ள ரிசீவர் என்றால் லேப்டாப்பில் பார்க்கலாம்.

மிகவும் நெருங்கவும் கூடாது. மைக்குக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே குறைந்தது 3 மீட்டர் இருக்கட்டும். அதற்குள் வந்தால் ரிசீவரின் முன்பகுதி திணறி, பக்கத்து மைக்குகளின் சிக்னலையும் கெடுக்கும்.

எவ்வளவு உயரம்?

நிற்கிறவர்களின் தலைக்கு மேலே. ஸ்பீக்கர் ஸ்டாண்டோ மைக் ஸ்டாண்டோ வைத்து 2 மீட்டருக்கு மேல் தூக்கினால் போதும். மேடையில் மைக் வைத்திருப்பவரை ஆன்டெனா இருக்கும் இடத்திலிருந்து உங்கள் கண்ணால் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். பார்க்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்காகக் கூரைத் தகரத்துக்கு அடியில் ஒட்டி வைக்கவோ ட்ரஸ் கம்பியில் உரசுகிற மாதிரி கட்டவோ கூடாது. எந்த இரும்பிலிருந்தும் அரை மீட்டராவது விலகி இருக்க வேண்டும். பழைய கோயில் மண்டபங்களில் கல்தூண்களின் மறைவையும் கணக்கில் எடுங்கள். ஒரு ஆன்டெனாவுக்குத் தெரியாத மூலை இன்னொன்றுக்குத் தெரிகிற மாதிரி எதிரெதிர் தூண் வரிசையில் வைத்தால் நன்றாக வேலை செய்யும்.

கம்பி ஆன்டெனாவைக் கழற்றி, கேபிள் போட்டு ஸ்டாண்டில் மாட்டலாமா?

ரிசீவரோடு வரும் குட்டைக் கம்பி பெரும்பாலும் கால் அலை ஆன்டெனா. ரிசீவரின் உலோகப் பெட்டியைத் தன் மறுபாதியாகப் பயன்படுத்தித்தான் அது வேலை செய்கிறது. தனியாகக் கேபிள் நுனியில் மாட்டினால் அந்த மறுபாதி போய்விடும். தொலைவில் வைக்க அரை அலை ஆன்டெனா வேண்டும். அது சுமார் இரட்டிப்பு நீளம் இருக்கும், தனித்து நிற்கும். அல்லது முக்கோணப் பலகை மாதிரி இருக்கும் பேடில் வகை.

அந்த முக்கோண பேடில் ஆன்டெனா எப்போது தேவை? எந்தப் பக்கம் மேடையைப் பார்க்க வேண்டும்?

அது ஒரு திசையை மட்டும் நன்றாகக் கேட்கும் ஆன்டெனா. முன்னால் வருவதற்குச் சாதாரண அரை அலை ஆன்டெனாவைவிட 4 அல்லது 5 டெசிபல் கூடுதல். ஆனால் பின்னாலிருந்து வருவதை அது நன்றாக ஒதுக்கித் தள்ளுகிறதே, அதைத்தான் நான் பெரிய லாபமாக நினைக்கிறேன். இரைச்சல் வரும் திசைக்கு முதுகைக் காட்டி நிறுத்தலாம்.

கூரான முனை மேடையைப் பார்க்க வேண்டும். அகன்ற பக்கம்தான் முதுகு. பார்வைக்கு அகன்ற பக்கம் ‘வாய்’ மாதிரி தெரிவதால் திருப்பி மாட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பலகை நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் சற்றே சாய்த்து நிறுத்துவதும் நல்லதே.

மணமக்கள் ஊர்வலமாக மண்டபம் முழுக்க மைக்கோடு சுற்றுவார்கள் என்றால் இது பொருந்தாது. சின்ன மண்டபத்திலும் தேவையில்லை. அங்கே எல்லாத் திசையும் கேட்கும் அரை அலை ஆன்டெனாவே நல்லது.

மேடைக்குப் பின்னால் எல்இடி வால் போட்டதிலிருந்து மைக் சரியில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயமாக உண்டு. எல்இடி வால், அதாவது சுவர் அளவு எல்இடி திரை என்பது ஆயிரக்கணக்கான விளக்குகளை மிக வேகமாக அணைத்து ஏற்றுகிற மின்சுற்றுகளின் அடுக்கு. அதன் டேட்டா கேபிள்களும் பவர் சப்ளைகளும் யுஎச்எஃப் முழுக்கப் பரவலாக இரைச்சல் கிளப்பும். மலிவான பேனல்கள் இன்னும் மோசம். இரைச்சலின் அடிமட்டம் உயர்ந்தால், மைக்கின் சிக்னல் பழைய அளவிலேயே இருந்தாலும் மூழ்கிப்போகும். ரிசீவரில் எல்லாக் கோடும் நிறைந்து காட்டும், ஆனாலும் ஒலி கட்டாகும். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மீட்டர் காட்டுவது மைக்கின் பலத்தையும் இரைச்சலின் பலத்தையும் கூட்டித்தான்.

இதில் வழக்கமான யோசனை எதிர்வேலை செய்கிறது. மண்டபத்தின் பின்கோடியில் பேடில் ஆன்டெனாவை வைத்து மேடையை நோக்கித் திருப்பினால், அது பார்ப்பது நேராக எல்இடி வாலைத்தான். பாடகரைக் கேட்கிற அதே திசையில் சுவரின் இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வரும். அதற்குப் பதிலாக மேடையின் முன் ஓரத்தில், வாலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். கூரான முனை மேடைக்குக் குறுக்காக, அல்லது வாலிலிருந்து சற்று விலகி முன்பக்கமாகப் பார்க்கட்டும். வால் அதன் விலாவிலோ முதுகிலோ படட்டும். இரைச்சல் பேனலை விட்டு விலக விலக வேகமாகக் குறையும் என்பதால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளினாலே வித்தியாசம் தெரியும்.

பேனலை ஓட்டும் பிராசசர் பெட்டியும் ரிசீவரும் ஒரே மேசையில் இருந்தால் உடனே பிரியுங்கள். இன்னொன்று: எல்இடிகாரர்கள் இரவு எட்டு மணிக்குத்தான் படத்தை ஓட விடுவார்கள். அதற்கு முன் செய்த சோதனை கணக்கில் வராது. வாலில் படம் ஓடும்போதுதான் சோதிக்க வேண்டும்.

எந்தக் கேபிள் வாங்குவது? சிசிடிவி கேபிள் வீட்டில் கிடக்கிறது.

சிசிடிவிக்கு இழுக்கும் 3+1 கேபிளை விட்டுவிடுங்கள். அதில் உள்ள கோ-ஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் உள்ள கேபிள்) மிகவும் மெல்லியது, மேலே சுற்றிய பின்னலும் பெயருக்கு நாலு கம்பி. கேமரா படத்துக்குப் போதும், 600 மெகாஹெர்ட்ஸுக்குப் போதாது.

முறையாக வேண்டியது 50 ஓம் கோ-ஆக்ஸ். கணக்கு இப்படி: பென்சில் பருமன்கூட இல்லாத ஆர்ஜி-58 கேபிளில் 600 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 10 மீட்டருக்குச் சுமார் 4 டெசிபல் போகும், அதாவது பாதிக்கு மேல். தடித்த ஆர்ஜி-213 என்றால் 2 டெசிபலுக்குள். எல்எம்ஆர்-400 வகையில் ஒரு டெசிபல் சொச்சம்தான். ஆனால் அது விறைப்பானது. தினமும் சுருட்டி வண்டியில் ஏற்றுகிற வேலைக்கு அதன் வளையும் ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கேபிளில் மொத்தமாக 3, மிஞ்சினால் 5 டெசிபல் இழப்பு என்று வரம்பு வைத்துக்கொண்டால், ஆர்ஜி-58-ஐ 7, 8 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது என்று தானே தெரிந்துவிடும்.

டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம். ஓம் பொருந்தவில்லையே என்று பயப்பட வேண்டாம், பொருந்தாமையால் வரும் இழப்பு 0.2 டெசிபல் அளவுதான். கேபிளின் சொந்த இழப்போ ஆர்ஜி-58-இல் பாதிகூட இல்லை. அவசரத்துக்கு நல்ல கேபிள். கஷ்டம் கனெக்டரில்தான். எஃப் கனெக்டர் போட்டு, பிஎன்சிக்கு மாற்றும் அடாப்டர் மாட்டி, அது ஆடி ஆடித் தளர்ந்துபோகும். ஒரே இடத்தில் நிரந்தரமாகப் பொருத்தும் தேவாலயத்துக்குச் சரி, தினம் ஊர் ஊராகப் போகும் செட்டுக்குச் சரிப்படாது.

கேபிளைவிடக் கனெக்டர்தான் அதிகம் கெடும். கேபிளின் பருமனுக்கு ஏற்ற கிரிம்ப் கனெக்டர் வாங்கி, அதற்குரிய கருவியால் அழுத்தச் சொல்லுங்கள். இடுக்கியால் நசுக்கினது நாலு நிகழ்ச்சி தாங்கினால் அதிகம்.

சிக்னல் குறைவாக இருக்கிறது. பூஸ்டர் போட்டால் சரியாகிவிடுமா?

பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். பக்கத்து வீட்டு ரேடியோ சத்தத்தோடு பதிவான ஒருவரின் பேச்சை வால்யூம் கூட்டிக் கேட்டால் ரேடியோவும் சேர்ந்து கூடுமே, அதே கதை. பூஸ்டரின் ஒரே நியாயமான வேலை, நீண்ட கேபிளில் இழக்கப்போவதை முன்கூட்டியே ஈடுகட்டுவது. அதனால் அதை ஆன்டெனா முனையில் மாட்ட வேண்டும். ரிசீவர் முனையில் மாட்டினால் ஏற்கெனவே இரைச்சலில் மூழ்கினதைப் பெருக்குவதாகத்தான் ஆகும்.

கேபிளில் 6 டெசிபல் போகிறது என்றால் பூஸ்டரும் ஏறக்குறைய 6 டெசிபல். 5 மீட்டர் கேபிளுக்கு 12 டெசிபல் பூஸ்டர் போட்டால் ரிசீவர் திணறி, இல்லாத அலைவரிசைகளில் எல்லாம் பேய்ச் சிக்னல்கள் முளைக்கும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பூஸ்டர் மாட்டுவது அதைவிட மோசம். பேடில் ஆன்டெனாக்கள் சிலவற்றில் பூஸ்டர் உள்ளேயே இருக்கும், அதற்கு ஒரு ஸ்விட்சும் இருக்கும். முதலில் அதைக் குறைந்த நிலையில் வைத்துத் தொடங்குங்கள்.

நாலு ரிசீவர் இருக்கிறது. எட்டுக் கம்பி வைக்காமல் இரண்டு ஆன்டெனாவில் முடிக்க முடியுமா?

முடியும், முடிப்பதே நல்லது. எட்டுக் கம்பி நெருக்கமாக நின்றால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒவ்வொன்றின் வேலையையும் கெடுக்கும். இதற்கு ஆன்டெனா டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பெட்டி உண்டு. இரண்டு ஆன்டெனாவை வாங்கி, இழப்பில்லாமல் நாலு ரிசீவருக்குப் பிரித்துக் கொடுக்கும். பல மாடல்கள் ரிசீவர்களுக்கு மின்சாரமும் தரும் என்பதால் அடாப்டர் குவியலும் குறையும்.

மின்சாரம் இல்லாத பாசிவ் பிரிப்பானும் இருக்கிறது. இரண்டாகப் பிரித்தால் 3 டெசிபலுக்குச் சற்று மேல் போகும், நாலாகப் பிரித்தால் 6, 7. இரண்டு ரிசீவருக்குச் சரி, அதற்கு மேல் யோசியுங்கள். பிஎன்சி ‘டி’ கனெக்டரைப் போட்டுப் பிரிப்பதும், வீட்டு டிவிக்கான பிரிப்பானைச் செருகுவதும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: பல ரிசீவர்களின் ஆன்டெனா சாக்கெட்டில், பூஸ்டரை ஓட்டுவதற்காக 12 வோல்ட் அளவில் மின்சாரம் வரும். பாசிவ் பிரிப்பான் வழியாக அது ஒரு ரிசீவரிலிருந்து இன்னொன்றுக்குள் போகக் கூடாது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, இருந்தால் டிசி தடுப்பான் போடுங்கள்.

ஒவ்வொரு மைக்கும் தனியாக நன்றாக இருக்கிறது. எல்லாவற்றையும் போட்டால் கோளாறு. ஆன்டெனா பிரச்சினையா?

அநேகமாக இல்லை. இரண்டு டிரான்ஸ்மிட்டர் (அலை அனுப்பும் கருவி, இங்கே மைக்) சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு பேய் அலைவரிசை பிறக்கும். ஒன்றை இரண்டால் பெருக்கி மற்றதைக் கழித்தால் அது எங்கே விழும் என்று தெரியும். 600, 601, 602 என்று சமமான இடைவெளியில் மூன்று மைக் வைத்தால், 601-ஐ இரண்டால் பெருக்கி 600-ஐக் கழித்துப் பாருங்கள்: 602. மூன்றாவது மைக்கின் தலையில் நேராக விழுகிறது. இடைவெளிகள் ஒழுங்கில்லாமல் இருப்பதுதான் இங்கே நல்லது. ஒரே கம்பெனி செட்டுகள் என்றால் ரிசீவரில் உள்ள ஒரே குரூப்பிலிருந்து சேனல்களை எடுங்கள், அந்தக் கணக்கை அவர்களே போட்டிருப்பார்கள். பல கம்பெனி கலந்திருந்தால் ஷூர் நிறுவனம் இலவசமாகத் தரும் ஒயர்லெஸ் ஒர்க்பெஞ்ச் மென்பொருளில் கணக்கிடலாம்.

இரண்டு தொகுப்பாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் மைக்கை ஒட்டிப் பிடிக்கும்போதும், ஆன்டெனாவுக்கு மிக அருகில் வரும்போதும் இந்தப் பேய்கள் பலமாகும்.

போன வருடம் வரை ஓடிய மைக், இப்போது எங்கே போனாலும் இரைகிறது. ஏன்?

மைக்கின் பின்னால் எழுதியிருக்கும் அலைவரிசையைப் பாருங்கள். 700-க்கு மேலே என்றால் அது இப்போது செல்போன்களின் வீடு. இந்தியாவில் 2022 அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஜியோ எடுத்தது. அந்தப் பட்டையின் அமைப்பில் 703 முதல் 748 வரை போன்கள் அனுப்புவதற்கு, 758 முதல் 803 வரை டவர்கள் அனுப்புவதற்கு. 824 முதல் 849, 869 முதல் 894 பகுதிகளும் செல்போனுக்குத்தான். கூட்டத்தில் ஒவ்வொருவர் பையிலும் ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கும்போது ஆன்டெனாவை எங்கே நகர்த்தியும் பயனில்லை. மைக்கைத்தான் மாற்ற வேண்டும். 470 முதல் 698-க்குள் வேலை செய்யும் செட் வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மைக்கிலும் இதைப் பாருங்கள். அமெரிக்காவில் 600 பட்டையின் பெரும்பகுதி செல்போனுக்குப் போய், 2020 ஜூலை 13-க்குப் பிறகு அங்கே மைக்குகள் ஓடக் கூடாது என்றானது. அதனால் அந்தப் பட்டைப் பழைய மைக்குகள் மலிவாகக் கைமாறின. இங்கே 2022 ஏலத்தில் 600 பட்டையை யாரும் கேட்கவில்லை. இந்தியாவில் வானலை உரிமத்தைத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு பார்க்கிறது. பெரிய முதலீடு செய்யும் முன் அதன் விதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குக்கு இதே விதிகள்தானா?

விதி அதேதான், கண்டிப்பு கூடுதல். அலைநீளம் 12.5 சென்டிமீட்டர்தான் என்பதால் உடம்பு, சுவர் எல்லாம் அதிகம் தடுக்கும். வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில் நெருக்கும். ரிசீவரை வைஃபை ரௌட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், மேடையிலேயே வையுங்கள். வகுப்பறைக்கும் சின்னக் கூட்டத்துக்கும் போதும். ஆயிரம் பேர் கூடும் வரவேற்புக்கு நான் எடுத்துப் போக மாட்டேன்.

ஸ்கெல்ச்சை (பலம் குறைந்த சிக்னல் வந்தால் ஒலியை மூடிவிடும் அமைப்பு) கூட்டினால் இரைச்சல் நிற்கிறதே, அது போதாதா?

இரைச்சல் நிற்கும். தூரமும் குறையும். முதலில் ஆன்டெனாவைச் சரிசெய்துவிட்டு அதைத் தொடுங்கள்.

மைக் வைத்திருப்பவர் பக்கம் கவனிக்க ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. கைமைக்கில் ஆன்டெனா பெரும்பாலும் அடிப்பாகத்தில் இருக்கிறது. அங்கே உள்ளங்கையை மூடிப் பிடித்தால் சிக்னல் படுத்துவிடும். ராப் பாடகர் பாணியில் மேலே வலைக் குமிழைப் பொத்துகிறவர்கள் ஒலியைக் கெடுக்கிறார்கள், அடியைப் பொத்துகிறவர்கள் சிக்னலைக் கெடுக்கிறார்கள். நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள்.

காலர் மைக்கின் பெட்டியை இடுப்பில் செருகும்போது வால் மாதிரி தொங்கும் அதன் ஆன்டெனாவைச் சுருட்டக் கூடாது, மைக் வயரோடு பின்னக் கூடாது, வியர்வைத் தோலில் ஒட்டவும் கூடாது. பட்டுச் சேலையின் ஜரிகை உலோகம் என்றால் அதற்கு அடியில் சிக்காமல் வெளியே விடுங்கள். செல்போன் இருக்கும் பையில் பெட்டியையும் போடாதீர்கள். பெட்டி முதுகுப் பக்கம், ஆன்டெனா சபைப் பக்கம் என்றால் நடுவில் முழு உடம்பு நிற்கிறது. 10 டெசிபல் போவது சாதாரணம். பரதநாட்டியம், நாடகம் மாதிரி ஆள் திரும்பிக்கொண்டே இருக்கும் நிகழ்ச்சிக்கு ஒரு ஆன்டெனாவை மேடைக்கு இடப்பக்கம், மற்றதை வலப்பக்கம் வைக்கலாம். எப்படித் திரும்பினாலும் ஒன்றுக்குப் பெட்டி தெரியும்.

பாடகர்கள் காதில் மாட்டும் இன்-இயர் மானிட்டரின் டிரான்ஸ்மிட்டரும் அதே ரேக்கில் இருக்கிறது. சேர்ந்திருக்கலாமா?

ஆன்டெனாக்கள் சேர்ந்திருக்கக் கூடாது. இன்-இயர் பெட்டி அனுப்புவது, மைக் ரிசீவர் கேட்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ரிசீவர் அந்தச் சத்தத்தில் மைக்கைக் கேட்காது. நடுவில் இரண்டு மூன்று மீட்டராவது விடுங்கள். அலைவரிசையிலும் தனித்தனிப் பகுதி ஒதுக்குங்கள். மைக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் போட்டு இன்-இயர்களைச் சேர்க்க முயலாதீர்கள். அதற்குக் கம்பைனர் என்று தனிப் பெட்டி இருக்கிறது.

மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டிவி ஆன்டெனாவை மாட்டலாமா?

இலங்கையின் ரூபவாஹினி டிவி பிடிக்க உயரக் கம்பத்தில் ஏற்றிய அந்த நீளக் குழாய் ஆன்டெனாக்கள் யுஎச்எஃப்-ஐவிடத் தாழ்ந்த விஎச்எஃப் பட்டைக்குச் செய்தவை. யுஎச்எஃப் மைக்குக்கு அளவு பொருந்தாது. இரும்புக் கடைக்குத்தான்.

திறந்தவெளித் திருவிழாவில் மழை வந்தால்?

பிஎன்சி இணைப்புக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் அந்தக் கேபிள் பின்னலுக்குள் ஊறி நிரந்தரமாகக் கெடும். இணைப்பைத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். இணைப்புக்குக் கீழே கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கே சொட்டிவிடும். மேலே பாலிதீன் உறை போடுவதால் சிக்னல் குறையாது. இடி மின்னல் என்றால் ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள்.

எல்லாம் வைத்தாயிற்று. எப்படிச் சோதிப்பது?

எல்இடி வால், விளக்குகள், ஜெனரேட்டர், இன்-இயர் எல்லாம் ஓடட்டும், மைக்குகள் மட்டும் அணைந்திருக்கட்டும். இப்போது ரிசீவரில் சிக்னல் கோடு ஏறியிருந்தால் அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். ஸ்கேன் போட்டு வேறு சேனல் எடுங்கள்.

அடுத்து மைக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, ஒரு ஆளை நடக்கவிடுங்கள். அவர் காலர் மைக் பெட்டியை இடுப்பில் கட்டியிருக்க வேண்டும், கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தால் பொய்யான தைரியம்தான் கிடைக்கும். விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகட்டும். எந்த எண்ணில் அறுந்தது என்பது இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மேடை மூலைகள், மாப்பிள்ளை அழைப்பு வரும் வாசல், ஒப்பனை அறை என்று உண்மையில் மைக் போகிற இடமெல்லாம் போகட்டும், ஆன்டெனாவுக்கு முதுகு காட்டியும் நிற்கட்டும்.

ரிசீவரில் ஏ, பி விளக்குகள் மாறி மாறி எரிகின்றன. கோளாறா?

இல்லை, அதுதான் டைவர்சிட்டி வேலை செய்கிற அடையாளம். ஆள் நடந்தாலும் ஏ மட்டுமே எரிகிறது, பி எரிவதே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். இரண்டு கேபிளையும் ரிசீவரில் இடம் மாற்றிச் செருகுங்கள். இப்போது பி மட்டும் எரிந்தால் கேபிளிலோ ஆன்டெனாவிலோ கோளாறு, அப்போதும் ஏ மட்டும்தான் என்றால் ரிசீவரில். கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள்: நடுக்கம்பி முனைக்கு முனை தொடர வேண்டும், பின்னலோடு சேரக் கூடாது. கேபிள் நல்லது, ஆன்டெனாவை மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால், ரிசீவரைத் திறக்க வேண்டியதுதான்.